நான்காம் படிக்கு மேல்தான் பணமா?

மத்திய அரசின் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியில் ஒளிந்திருக்கும் அந்த நிபந்தனையைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கக் காணோம். தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் நான்காம் படியை எட்டியிருந்தால்தான் பணம். 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது கைதட்டிய நம் ஓசூர்த் தொழில் சங்கங்கள் அந்த வரியைப் படித்தனவா?

அந்த வரி யாரை வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள். மத்திகிரியிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. அங்கே ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் வெயிலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாக மாற்றும் ஒளிவினையூக்கிகளைத் தேடுகிறார்கள். சென்னை ஐஐடியிலும் இந்தத் தேடல் பழையது. 1979-இல் ஜப்பானியர்கள் முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் வழக்கமான ஒளிவினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடு, வெயிலில் இருபதில் ஒரு பங்கேயான புற ஊதாக் கதிரை மட்டும்தான் பிடிக்கும். மற்ற ஒளியையும் பிடிக்கும் பொருளைக் கண்டுபிடித்தாலும், ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரான் வேலை செய்யுமுன் பழைய இடத்திலேயே போய் விழுந்துவிடுகிறது. ஒரு மெத்தனால் மூலக்கூறுக்கு ஆறு எலக்ட்ரான் வேண்டும். பக்கத்திலிருக்கும் தண்ணீரோ அவற்றைப் பறித்து ஹைட்ரஜனாகிவிடுகிறது. கிராமுக்கு, மணிக்கு இத்தனை மைக்ரோமோல் என்றுதான் விளைச்சலை இன்னும் அளக்கிறார்கள். இது இரண்டாம், மூன்றாம் படி வேலை. அந்த நிதியோ பெரும்பாலும் நீண்டகாலக் கடன். மைக்ரோமோல் மெத்தனாலை விற்றா கடனைக் கட்டுவார்கள்?

அடிப்படை ஆய்வுக்குத்தான் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறதே என்பார்கள். ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமாம். கிணற்றை வெட்டிவிட்டுத் தண்ணீரை அடுத்த வீட்டில் கேட்டு ஊற்றச் சொல்வது இதுதான்.

டெல்லியில் இந்தக் கோப்பை எழுதிய கைகள் நமக்குப் புதிதல்ல. பள்ளிப் பிள்ளைகளை அறிவியலுக்கு இழுத்த கிஷோர் வைக்யானிக் திட்டத்தை 2022-இல் மூடியது யார்? அதே ஆண்டு ஜூலையில், ஆய்வுக் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 18 ஆக்கியது யார்? மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்ட ஆய்வு மாணவர்களை மாதக்கணக்கில் உதவித்தொகை இல்லாமல் காக்க வைத்தது யார்? ஆராய்ச்சிக்கு நாட்டு வருமானத்தில் 2 சதவீதம் என்று 2013-இலேயே கொள்கை எழுதினார்கள். 2020-21-இல் எட்டியது 0.64. ஆட்சி மாறினாலும் இந்தக் கஞ்சத்தனம் மட்டும் மாறவில்லை.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. இரும்பு, அலுமினியப் பொருள்கள் மீது ஐரோப்பாவின் கார்பன் வரி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. போல்ட் நட்டு செய்பவருக்கும் அது பொருந்தும். புகையை விலையாக்கும் வித்தை என்றைக்காவது கைகூடும். அன்று அதை நாம் ஜப்பானிடமோ சீனாவிடமோ காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால், அதற்குக் காரணம் வெயில் பற்றாக்குறை அல்ல.

டெல்லியில் இருப்பவர்களே, முதல் மூன்று படிகளில் நிற்பவர்களுக்கும் ஒரு வழி செய்யுங்கள். எப்படி என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மனமில்லை என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆய்வு மாணவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள்.