கோட்டையூர்க்காரரை விட்டுட்டு என்ன விஸ்காம் வேண்டிக் கிடக்கு?

செட்டிநாடுன்னு சொன்னா என்ன ஞாபகம் வரும்? சிக்கன். அப்புறம் ஆத்தங்குடி கல்லு. அப்புறம் கானாடுகாத்தான் பங்களா, அதுல எடுத்த ஏதோ ஒரு படத்துல ஹீரோ மாடிப்படியில இறங்கி வர்ற சீன். அவ்ளோதான். நம்ம ஊரு மத்தவன் கேமராவுக்குப் பின்னணியா நிக்கறதுக்குன்னே நேர்ந்து விட்ட ஊரு மாதிரி ஆயிடுச்சு.

இந்த ஊர்க்காரன் ஒருத்தன் கேமராவுக்குப் பின்னாடி நின்னான், அதுவும் தென்னிந்தியாவுல பெரும்பாலானவங்களுக்கு டாக்குமெண்டரின்னா என்னன்னே தெரியாத காலத்துல நின்னான்னு சொன்னா, "யாருங்க அது?"ன்னு கேக்கறாங்க. கேக்கறது யாரு? டீக்கடையில உக்காந்திருக்கிற பெரியவர் கேட்டா பரவால்ல. விஷுவல் கம்யூனிகேஷன் மூணாம் வருஷம் படிக்கிற பசங்க கேக்கறாங்க மக்களே! க்ரியர்சன் தெரியுது. ஃப்ளாஹர்ட்டி தெரியுது. 1922ல வந்த 'நானூக்' படத்தைப் பத்தி நாலு பக்கம் எழுதுறாங்க. தப்பில்ல, எழுதட்டும். ஆனா காரைக்குடியில டவுன் பஸ் ஏறினா வந்துடற கோட்டையூர்ல 1911ல பொறந்த அ. கருப்பன் செட்டியார், அதாவது ஏ.கே. செட்டியார் பேரைச் சொன்னா, "ஆங், உலகம் சுற்றும் தமிழன்... பயணக் கட்டுரை எழுதினவர்தானே?" அப்படின்னு ஒரு பதில்.

இந்தப் 'பயணக் கட்டுரையாளர்' பட்டம்தான் எனக்கு எரிச்சல். பாராட்டற மாதிரி ஒரு ஆளை ஓரங்கட்ட முடியும்னா இதுதான் அது.

கொஞ்சம் வரலாறு. ரங்கூன்ல 'தன வணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தவர். பர்மாவுக்குப் போன நகரத்தார் வீட்டுப் பையன் வழக்கமா வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா சேர்ந்து, கணக்கு கத்துக்கிட்டு, மேலாளா ஆகி, ஊருக்கு வந்து வீடு கட்டுவான். இவர் 1930களின் நடுவுல ரங்கூன்ல இருந்து டோக்கியோ போனார். எதுக்கு? புகைப்படக் கலை படிக்க. அது பத்தலைன்னு நியூயார்க் போய் அங்கேயும் படிச்சார். கேமராங்கறது பொழுதுபோக்கு இல்ல, முறையா படிக்க வேண்டிய தொழில்னு அன்னிக்கே புரிஞ்சு வச்சிருந்த மனுஷன்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்ல இருந்து டப்ளினுக்குக் கப்பல்ல போயிட்டிருக்கார். வயசு 26 கூட முடியல. அன்னிக்கு காந்தி பிறந்தநாள். காந்தியைப் பத்தி முழுநீள டாக்குமெண்டரி ஒண்ணு எடுத்தா என்னன்னு அங்கதான் தோணுது. தோணறது பெரிய விஷயமில்ல, நமக்கும்தான் தினம் பத்து தோணுது. அவர் செஞ்சார். கிட்டத்தட்ட மூணு வருஷம், ஒரு லட்சம் மைல், நாலு கண்டம். முப்பது வருஷ காலத்துல சுமார் நூறு கேமராமேன்கள் எடுத்து எங்கெங்கேயோ கிடந்த சுருள்களைத் தேடித் தேடி 50,000 அடி சேர்த்தார். அதுல இருந்து 12,000 அடி படம். 1940 ஆகஸ்ட் 23ல தமிழ்ல வெளியாச்சு. பிறகு தெலுங்கு. வெள்ளைக்காரன் ஆட்சி, போர்க்காலம் வேற. சர்க்கார் பறிச்சுக்குமோங்கற பயத்துல படம் கொஞ்ச நாள்லயே பெட்டிக்குள்ள போயிடுச்சு. 1947ல சுதந்திரத்தை ஒட்டி டெல்லியில இந்தி விளக்கத்தோட திரையேறிச்சு. 1953ல அமெரிக்காவுல ஆங்கில வடிவம்.

அட்டன்பரோவோட 'காந்தி' 1982ல வந்தது. வித்தல்பாய் ஜவேரியோட அஞ்சு மணி நேர டாக்குமெண்டரி 1968ல. நம்ம ஆளு 1940. அதுவும் காந்தி உயிரோட இருக்கும்போதே.

இதைச் சொன்னா வர்ற மறுப்புகளை ஒவ்வொண்ணா பாத்துடலாம்.

1. "அவர் எடுத்தது இல்லையே, மத்தவங்க எடுத்ததை ஒட்டுனதுதானே?"

இதை சினிமா தெரிஞ்சவங்களே சொல்றதுதான் கொடுமை. ரஷ்யாவுல எஸ்தர் ஷூப் அப்படின்னு ஒரு அம்மா, 1927ல ஜார் மன்னனோட வீட்டுப் படச் சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் தேடி எடுத்து, 'ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி'ன்னு படம் பண்ணாங்க. அதை உலகமே தொகுப்புப் படத்தோட முன்னோடின்னு கொண்டாடுது. மாஸ்கோவுல ஒட்டினா கலை, கோட்டையூர்க்காரர் ஒட்டினா வெறும் ஒட்டு வேலையா?

இந்த வேலையோட கஷ்டத்தை மட்டும் கொஞ்சம் யோசிங்க. 35 எம்எம் சுருள், பேசும்பட வேகத்துல நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அப்ப 50,000 அடின்னா ஒன்பது மணி நேரத்துக்கு மேல. 12,000 அடின்னா ரெண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது கிடைச்சதுல முக்கால் பங்கை வேணாம்னு ஒதுக்கியிருக்கார். அலைஞ்சு திரிஞ்சு சேர்த்ததை ஒதுக்க எவ்வளவு மனசு வேணும்? இன்னிக்கு ஒரு கல்யாணத்துக்கே ஒன்பது மணி நேரம் ஷூட் பண்றோம். அதுல எது வேணாம்னு முடிவெடுக்கற ஆள் எங்க இருக்கான்?

இன்னொண்ணு. மௌனப்பட காலத்துல கேமராவைக் கையால சுத்துவாங்க. ஒருத்தர் செகண்டுக்கு 16 பிரேம், இன்னொருத்தர் 18, கை வாகு எப்படியோ அப்படி. பேசும்பட புரொஜக்டர்ல ஓடறது 24. அதனாலதான் பழைய செய்திப்படத்துல எல்லாரும் குடுகுடுன்னு ஓடற மாதிரி தெரியும். நூறு பேர் கை, நூறு வேகம், நூறு விதமான வெளிச்சம். இத்தனையையும் ஒரே ஆளோட வாழ்க்கையா பாக்கறவன் நம்பற மாதிரி கோர்க்கணும். எடிட்டிங்கறதுக்கு இதைவிட நல்ல பாடம் எதுங்க?

2. "செட்டியார்தானே, காசு இருந்திருக்கும், பண்ணியிருப்பார்."

காசு இருந்தவங்க ஆயிரம் ஜன்னல் வீடு கட்டுனாங்க. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் இறக்குனாங்க. அழகுதான், மறுக்கல. ஆனா பணம் இருந்தா படம் வந்துடும்னா செட்டிநாட்டுல 1940க்குள்ள நூறு டாக்குமெண்டரி வந்திருக்கணுமே, வந்துச்சா?

3. "படமே கையில இல்லாதப்ப என்னத்தைப் பாடம் நடத்தறது?"

ஆங்... இதுதான் கேள்வி. இதுக்குத்தான் வலிக்குது.

உண்மைதான். அந்தத் தமிழ்ப் பிரதி நம்மகிட்ட இல்ல. தொலைச்சுட்டோம். ஆ.இரா. வேங்கடாசலபதி வருஷக்கணக்கா தேடி, சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பல்கலைக்கழகத்துல ஆங்கில வடிவத்தோட பிரதி இருக்கறதைக் கண்டுபிடிச்சார். கோட்டையூர்க்காரர் எடுத்த படத்தைப் பாக்க கலிஃபோர்னியாவுல கதவு தட்டணும். எப்படி இருக்கு நம்ம லட்சணம்?

இது புதுசும் இல்ல. சென்னையில நூத்துக்கும் மேல மௌனப்படங்கள் எடுத்திருக்காங்க. முழுசா மிஞ்சினது 'மார்த்தாண்ட வர்மா' ஒண்ணே ஒண்ணுதான். 1931ல வந்த 'காளிதாஸ்' போச்சு. 1950 வாக்கு வரைக்கும் பிலிம் சுருள் நைட்ரேட். தீப்பிடிக்கும், தானாவே மக்கிப் பொடியாகும். மிச்சம் இருந்ததை வெள்ளிக்காக உருக்குனவங்களும் உண்டு. இயற்கை பாதி, நாம பாதின்னு சேர்ந்து காலி பண்ணோம்.

அதே கோட்டையூர்லதான் ரோஜா முத்தையாவும் இருந்தார். தொழில், போர்டு எழுதற ஆர்டிஸ்ட். சம்பாதிச்சதையெல்லாம் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு வாங்கி வாங்கி வீட்டுல அடுக்கினார். ஒரு லட்சம் அளவுக்குச் சேர்த்தார். 1992ல அவர் மறைஞ்ச பிறகு அதை வாங்கிக் காப்பாத்தினது சிகாகோ பல்கலைக்கழகம். அதனாலதான் 1994ல சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வந்தது. ஆக, இந்த ஊர்ல சேர்க்கறதுக்கு ஆள் பொறந்துட்டேதான் இருக்கான். காப்பாத்தத்தான் கடல் தாண்டி ஆள் வர வேண்டியிருக்கு.

சரி, படம் இல்லாம என்ன பாடம்? படத்தை எப்படி எடுத்தேன்னு அவரே எழுதி வச்சிருக்கார். வேங்கடாசலபதி பதிப்பிச்சு காலச்சுவடு 2003ல போட்ட 'அண்ணல் அடிச்சுவட்டில்'. யாரைப் பாத்தார், எங்க அலைஞ்சார், சுருள் எப்படிக் கிடைச்சதுன்னு ஆர்ப்பாட்டமே இல்லாம எழுதியிருக்கார். காந்தி பக்திக்காக மட்டும் அதைப் படிச்சா வீண். தொழில் கத்துக்கறவன் கையில இருக்க வேண்டிய புத்தகம் அது.

அவர் வகுப்பறையில பாடம் எடுக்கல. ஆனா 1943ல தொடங்கி 1983ல கண்ணை மூடுற வரைக்கும் 'குமரி மலர்' நடத்தினார். பழைய பத்திரிகைகள்ல கிடந்ததையெல்லாம் தேடி எடுத்து மறுபடி அச்சுல கொண்டு வந்தார். 'தமிழ்நாடு'ன்னு பழைய பயணக் கட்டுரைகளைத் தொகுத்தார். படச்சுருள்ல செஞ்சதையேதான் தாள்லயும் செஞ்சிருக்கார், கவனிச்சீங்களா? தேடு, சேர், தேர்ந்தெடு, அடுத்தவன் கையில கொடு. நாப்பது வருஷம் நடந்த ஒரே பாடம் இது. தன் போட்டோ வர்றதைக்கூட விரும்பாத ஆளு. அதனாலதான் நாமளும் சௌகரியமா மறந்துட்டோம்.

திட்டிட்டு மட்டும் போனா எப்படி? விஸ்காம் நடத்தறவங்களுக்கு, குறிப்பா நம்ம காரைக்குடி, சிவகங்கை, தேவகோட்டைப் பக்கம் இருக்கறவங்களுக்கு மூணே மூணு விண்ணப்பம்.

ஒண்ணு: 'அண்ணல் அடிச்சுவட்டில்' முதல் செமஸ்டர்லயே கட்டாயப் பாடம். க்ரியர்சன் ரெண்டாவது செமஸ்டர்ல வரட்டும், கோவிச்சுக்க மாட்டார்.

ரெண்டு: கேமராவைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாணவனும் தன் ஊர்ல ஒரு பழைய படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும். மூடிப்போன ஸ்டூடியோவோட கண்ணாடி நெகட்டிவா இருக்கலாம், சூப்பர் 8 சுருளா இருக்கலாம், பூசணம் பிடிச்ச விஎச்எஸ் கேசட்டா இருக்கலாம். யார் எடுத்தது, எப்ப, எங்க, படத்துல யாருன்னு எழுதிக் கொடுத்தாத்தான் மார்க்.

மூணு: கிடைச்சதை ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைக்கணும். ஒரே பெட்டியில வச்சா என்ன ஆகும்னு ஏ.கே. செட்டியார் படமே சாட்சி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனா பழைய சாமான் கடைகள்ல ரவிவர்மா படத்துக்குப் பக்கத்துல யார் வீட்டுத் தாத்தா பாட்டியோ பிரேமுக்குள்ள உக்காந்திருக்காங்க. விலை பிரேமுக்குத்தான், முகத்துக்கு இல்ல. வாங்கறவன் போட்டோவைக் கழட்டிட்டு கண்ணாடி மாட்டிக்குவான். ரெட்ரோ லுக்காம்.

பின்னூட்டத்துல 'சூப்பர் பதிவு', 'மீ த பர்ஸ்ட்' எல்லாம் வேணாம் சாமி. உங்க ஊர்ல எந்த ஸ்டூடியோவோட நெகட்டிவ் எங்க கிடக்குன்னு தெரிஞ்சா எழுதுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, ஆனா புத்தகத்தைப் படிச்சுட்டு வந்து திட்டுங்க :)

டிஸ்கி: "நீ என்னத்தக் கிழிச்ச?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில். வீட்டு ஆல்பத்துல ஒவ்வொரு போட்டோவுக்கும் பின்பக்கம் பென்சிலால பேர் எழுதிட்டிருக்கேன். பெரியம்மாவுக்கு 84 வயசு. பாதி முகம் அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். நேத்து வரைக்கும் முப்பத்தியொரு போட்டோ முடிஞ்சிருக்கு.