தர்க்கம் நமக்குப் புதிதல்ல

விடியற்காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று எல்லை தாண்டி வேலைக்குப் போகும் நம் இளைஞர்களைக் காணலாம். கட்டட வேலை, காவலாளி வேலை, வீட்டு வேலை, கம்பெனி வேலை என்று பெங்களூரு அவர்களுக்கு அன்றாடம் போய்வரும் ஊர். அதே பெங்களூருவின் நாகரபாவியில், ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், நாட்டின் முதல் தேசியச் சட்டப் பள்ளி இருக்கிறது. 1988இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. கட்டடம் கட்ட பெங்களூரு போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே சட்டம் படிக்கப் போகிறார்கள்?

அந்த வாசலில் நிற்கும் தேர்வின் பெயர் கிளாட். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர இதை எழுத வேண்டும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். ஆங்கிலம், பொது அறிவு, சட்ட அறிவு, கணக்கு ஆகியவற்றோடு 'லாஜிக்கல் ரீசனிங்' என்ற தர்க்கப் பகுதியும் உண்டு. அதில் 22 முதல் 26 கேள்விகள் வரை வரும். மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இந்தப் பகுதியில்தான் நம் மாணவர்கள் பலர் சோர்ந்து போகிறார்கள். "பொது அறிவை மனப்பாடம் செய்துவிடலாம், தர்க்கம் நமக்கு வராது" என்கிறார்கள். இந்த எண்ணம் சரியா என்று முதலில் பார்ப்போம். நம் ஊரை வைத்தே ஒரு மாதிரிக் கேள்வி.

"ஓசூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. தொழிற்சாலைகள் பெருகும் இடத்தில் சாதி பார்ப்பது குறையும். ஆகவே ஓசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் சாதிப் பாகுபாடு குறைந்திருக்கும்." இந்த வாதத்தை மிகுதியாகப் பலவீனப்படுத்துவது எது?

(அ) ஓசூரில் பல மொழி பேசுவோர் வாழ்கிறார்கள். (ஆ) ஆலையில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்பவர்கள், ஊர் திரும்பியதும் தனித்தனித் தெருவில், தனித்தனிச் சுடுகாட்டோடு வாழ்கிறார்கள். (இ) ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போதவில்லை. (ஈ) பெங்களூருவிலும் தொழிற்சாலைகள் உள்ளன.

விடை 'ஆ'. தொழிற்சாலை வந்தால் சாதி குறையும் என்ற நடுக்கண்ணியை அறுப்பது அது ஒன்றுதான். ஆனால் நம் பிள்ளைகளின் கை 'இ'யை நோக்கிப் போகும். காரணம், அது அவர்கள் வீட்டு உண்மை. இத்தேர்வின் பெரிய பொறி இதுதான். ஒரு வாக்கியம் உண்மையாக இருப்பது மட்டும் போதாது. கேட்ட கேள்விக்கு அது பொருந்த வேண்டும். இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

மேலே உள்ள கேள்வியைத் தமிழில் படித்த எந்தப் பத்தாம் வகுப்பு மாணவியும் சற்று யோசித்தால் விடை சொல்லிவிடுவார். தேர்வில் இதே போன்ற கேள்வி ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பத்தியின் கீழே வருகிறது. கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம். பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். எல்லையோரக் காலனிப் பிள்ளைக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், தேர்வில் ஆங்கிலம். ஆக, தடுப்பது தர்க்கம் அல்ல, மொழியும் கடிகாரமும்தான்.

"கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆகவே போட்டி சமமானது, ஆகவே தோற்றவருக்குத் தகுதி இல்லை" என்று சிலர் வாதிடுவதையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். எல்லோரும் ஒரே தயாரிப்போடு தேர்வறைக்குள் நுழைகிறார்கள் என்பது இதில் சொல்லாமல் மறைத்து வைக்கப்பட்ட அனுமானம். அதை உருவிவிட்டால் வாதம் நிற்காது. நீதிமன்ற மொழி ஆங்கிலம், அதனால் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான். மருத்துவப் பாடநூல்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். கிளாட்டை மாநில மொழிகளில் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோது, இந்திய பார் கவுன்சிலே அந்தக் கோரிக்கையை ஆதரித்தது.

தர்க்கம் நமக்குப் புதிதும் அல்ல. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் மகத் ஊரின் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். தீண்டப்படாதவர்கள் இந்தக் குளத்தில் நீர் எடுத்ததே இல்லை. ஆகவே எடுக்கக் கூடாது என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 'எடுத்ததில்லை' என்பதிலிருந்து 'எடுக்கக் கூடாது' என்பதற்கு எப்படித் தாவினீர்கள், அதற்குச் சான்று எங்கே என்பதுதான் கேள்வி. பத்தாண்டு வழக்கின் முடிவில், 1937 மார்ச் 17 அன்று, அப்படியொரு தொன்மையான வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிப்பது நமக்குத் தண்ணீர் உரிமையாக இருந்திருக்கிறது.

நம் மாவட்டத்திலும் அந்தத் தேவை தீரவில்லை. 2018 நவம்பரில் ஓசூர் அருகே சாதி கடந்து மணந்த இளம் தம்பதி கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. ஊர் இங்கே, உடல் அங்கே. இப்படி இரு மாநிலங்களில் விரியும் வழக்குகளை விடாமல் தொடர, இரு பக்கமும் சட்டமும் மொழியும் தெரிந்த வழக்கறிஞர்கள் நம் தெருக்களிலிருந்து வரவேண்டும்.

கேள்வி தயாரிப்பவர்களும் தவறுகிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் தேர்வில் சில கேள்விகளும் விடைகளும் பிழை என்று மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தரப்பட்டியலைத் திருத்த உத்தரவிட்டதோடு, கேள்விகள் தயாரிக்கப்பட்ட விதத்தையும் கண்டித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி பி.ஆர். கவாய், ஒரு வாரத்தில் தலைமை நீதிபதியானார். கே.ஜி. பாலகிருஷ்ணனுக்குப் பிறகு அந்த இருக்கையில் அமர்ந்த இரண்டாவது தலித் அவர்.

மாணவர்கள் இன்றே தொடங்கலாம். தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படியுங்கள். அது சொல்லும் முடிவைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கு அது தரும் காரணங்களைக் கீழே எழுதுங்கள். முதல் மாதம் கடிகாரம் வேண்டாம். பிறகு நிமிடக் கணக்கு வையுங்கள். தவறான விடை ஏன் உங்களை இழுத்தது என்று தனி நோட்டில் குறியுங்கள். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக விலக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கணக்குப்படி லாபமே. பழைய வினாத்தாள்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம் அடுத்த தடை. விண்ணப்பக் கட்டணமே பட்டியல் சமூகத்தினருக்கு 3,500 ரூபாய். கூலி வீட்டில் அது பல நாள் சம்பளம். அரசு இதை ஏற்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கிளாட் பயிற்சியும், முதலில் ஆங்கில வாசிப்புப் பயிற்சியும் தொடங்க வேண்டும். இடம் கிடைத்த பின் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சமூகக் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் உண்டு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களும் அதில் அடங்கும்.

கிளாட் கைகூடாவிட்டாலும் சட்டத்தின் கதவு மூடிவிடாது. 2017 முதல் இயங்கும் தருமபுரி அரசு சட்டக் கல்லூரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஐந்தாண்டுப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு.

அண்மை ஆண்டுகளில் கிளாட் டிசம்பர் முதல் ஞாயிறு நடந்து வருகிறது. விண்ணப்பம் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். காலனியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சேதி போய்ச் சேர வேண்டும். படித்தவர்கள் இதை வாசித்துவிட்டு மடித்து வைக்காமல், அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.