அக்கா வீட்டு டிவி எரிந்துபோகவில்லை

நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் போன பிறகு அக்காவுக்குப் பேச்சுத்துணை அந்த 32 அங்குல எல்சிடி டிவிதான். காலைக் காபி முதல் இரவு படுக்கும் வரை ஒரே செய்திச் சேனல். போன மாதம் சேனலை மாற்றினாலும் மூலையில் இருந்த முத்திரையும் கீழ்ப்பட்டையின் கோடும் மங்கலாக அப்படியே நின்றன. மெக்கானிக் வந்தார். "பேனல் எரிஞ்சு போச்சும்மா, மாத்த 14,000 ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, பார்த்த கூலி 300 வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா வளையலை அடகு வைக்கிற யோசனை வரை போய்விட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவராவது "ஏன் அப்படி ஆகிறது?" என்று கேட்டீர்களா? "தூக்கிப் போடுங்க அத்தை" என்றுதான் ஆளாளுக்கு எழுதினீர்கள். அதில் இரண்டு பேர் என்னிடமே இயற்பியல் படித்தவர்கள்!

எரிவது பழைய குழாய் டிவியில். அரசு கொடுத்த இலவச கலர் டிவி அந்த வகை. உள்ளே பாஸ்பர் பூச்சில் எலக்ட்ரான் மோதி ஒளி வரும். ஒரே இடம் நாள் முழுக்க ஒளிர்ந்தால் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடும், திரும்பாது. கம்ப்யூட்டரில் ஸ்கிரீன்சேவர் வந்ததே அதற்காகத்தான். எல்சிடி அப்படியல்ல. பின்னால் ஒரு விளக்கு, முன்னால் திரவப் படிகம். 1888-இல் ரெய்னிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த பொருள் இரண்டு வெப்பநிலைகளில் உருகுவதைக் கண்டார் என்று வகுப்பில் சொன்னேனே, அந்தச் சரக்குதான். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் திரும்பி ஒளியை விடும் அல்லது மறைக்கும். அழுத்தம் ஒரே திசையில் இருந்தால் படிகத்துக்குள் இருக்கும் அயனிகள் ஒரு பக்கம் ஒதுங்கும் என்பதால் திசையை மாற்றி மாற்றித்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் சிறிது ஒதுங்கத்தான் செய்கிறது. படம் போன பிறகும் அந்த மின்னூட்டம் கொஞ்ச நேரம் படிகத்தைப் பிடித்து வைக்கிறது. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தவனுக்குக் கால் மரத்துப்போகுமே, அது மாதிரி. மரத்த காலை யாராவது வெட்டுவார்களா?

நான் செய்தது இவ்வளவுதான். ராத்திரி சுவர் ஸ்விட்சையே அணைத்தேன். பகலில் பென் டிரைவில் ஒரு வெறும் வெள்ளைப் படம் போட்டுச் சில மணி நேரம் ஓடவிட்டேன், பிறகு அசைகிற படங்கள். பின்விளக்கு வெளிச்சத்தைக் குறைத்தேன். விரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அழுத்தினால்தான் பேனல் உண்மையில் போகும். இரண்டாம் நாள் பட்டைக் கோடு இல்லை. நாலாம் நாள் முத்திரையும் போய்விட்டது.

எல்லா டிவிக்கும் இப்படிச் சரியாகும் என்று சொல்லமாட்டேன். வருடக்கணக்கில் படிந்தது முழுதாகப் போகாமலும் இருக்கலாம். திரையில் நெடுங்கோடுகளோ கருந்திட்டோ இருந்தால் அது வேறு பழுது. ஆனால் நாலு நாள் பொறுத்துப் பார்ப்பதற்கு என்ன செலவு?

இன்னொரு வேடிக்கை. சென்னையில் இருக்கும் தம்பி ஒருவன் "ஓஎல்இடி வாங்கிக் கொடுத்துடலாம் சித்தப்பா" என்கிறான். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்கிறது. நாள் முழுக்கச் செய்திச் சேனல் பார்க்கிறவர்களுக்கு அதைப்போல ஆகாத டிவி வேறில்லை. அதில் படிந்தால் படிந்ததுதான், என் வெள்ளைப் படமெல்லாம் அங்கே எடுபடாது.

சேனல்காரர்களையும் விடமாட்டேன். முத்திரை, கடிகாரம், பட்டை, பட்டைக்கு மேல் இன்னொரு பட்டை. எல்லாம் நாள் முழுக்க ஒரே இடத்தில், பளிச்சென்று. முத்திரையைக் கொஞ்சம் மங்கலாகப் போட்டால் குடியா மூழ்கிவிடும்?

அக்கா மறுபடி அதே சேனலைத்தான் போட்டிருக்கிறார். மதியம் இரண்டு மணி நேரம் மாற்றி வைக்க ஒப்புக்கொண்டார், சீரியலுக்கு.