எறியிறதுக்கு முதல் ஒரு பென்ட்ரைவ்

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த நாளும் எங்கட வீட்டு மேசைகளில் இருக்கிற கொம்பியூட்டர்கள் வழமைபோலத்தான் ஓன் ஆகின. ஒரு திருகாணிகூடக் கழரவில்லை. ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எங்களோட படிக்கிற ஆக்களின் வீடுகளில் ஒரே கதைதான் ஓடுது: "இது இனிச் சரிவராதாம், புதுசு ஒண்டு எடுக்கோணுமாம்."

நாங்கள் சொல்ல வாறது இதுதான். அவசரப்பட்டு எடுக்காதீங்கோ. இருக்கிற மெஷினை லினக்ஸின் புதிய பதிப்பு ஒன்றுக்கு மாத்துங்கோ. ஏற்கெனவே லினக்ஸ் வைத்திருப்பவர்களும் பழைய பதிப்பிலேயே கிடக்காமல் ஏறுங்கோ. அதைத் தனித்தனியாக வீட்டுக்குள் இருந்து செய்யாமல், நாலு பேராகச் சேர்ந்து செய்யுங்கோ.

வின்டோஸ் 11க்கு ஏறினால் என்ன எண்டு கேட்பீர்கள். அது 2021 ஒக்ரோபரில் வந்தபோதே இரண்டு நிபந்தனைகளோடு வந்தது. ஒன்று, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இருக்கவேண்டும். மற்றது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் புரொசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இல். எங்கட பக்கத்து வீடுகளில் இருக்கிறவை பெரும்பாலும் வெளிநாட்டில இருக்கிற மாமாவோ சித்தியோ தான் பாவிச்சு முடிச்சு அனுப்பின லப்டொப்புகள், இல்லாட்டி கடையில் வாங்கின செக்கன்ட்ஹாண்ட் டெஸ்க்டொப்புகள். நாலாம், ஐந்தாம், ஆறாம் தலைமுறைகள். அவை ஓடுகின்றன, ஆனால் பட்டியலில் இல்லை. காசு கட்டியோ கணக்கைத் தொடுத்தோ பாதுகாப்பு அப்டேட்டை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். அந்த ஒரு வருடம் முடிய அதே கேள்வி திரும்ப வரும்.

புதுசு வாங்கிற விலையையும் யோசிக்கவேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிப் பொருள் எல்லாவற்றின் விலையும் அதோட ஏறினது, பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஒரு லப்டொப் எண்டால் ஒரு போகத்து நெல்லுக் காசு. பிள்ளைக்கு கம்பஸ் கிடைத்த சந்தோசத்தோட சேர்ந்து வாற முதல் கடன் அதுதான்.

இந்த மண்ணில் ஒரு பழக்கம் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கட அம்மா அப்பாமார் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரிச்சுப் படித்தவர்கள். மோட்டார்சைக்கிளைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள். அதை வீரக்கதை ஆக்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை. அது திணிக்கப்பட்ட வறுமை. ஆனாலும் அந்தத் தலைமுறைக்கு ஒரு தெளிவு இருந்தது. ஒரு பொருள் செத்துப்போச்சு எண்டு சொல்லுறது அதைக் கழட்டிப் பார்த்த கை. எங்கயோ இருக்கிற நிறுவனத்தின் அறிவித்தல் இல்லை. நல்லா ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை ஒரு திகதிக்காக மூலையில் வைக்கிற நாங்கள் அந்தத் தெளிவைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். லினக்ஸ் எண்டது ஒரே பொருள் இல்லை, பல வழங்கல்கள் இருக்கு. அதில் அதிகம் தெரிந்தது உபுண்டு. அதன் பதிப்பு எண்ணே வெளிவந்த ஆண்டும் மாதமும்தான்: 24.04 எண்டால் 2024 ஏப்ரல். இரண்டு வருடத்துக்கு ஒருக்கால், இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில், நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்று வரும். அதற்கு ஐந்து வருடம் இலவசப் பாதுகாப்பு அப்டேட். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம் மட்டும்தான். வீட்டுப் பாவனைக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்பு போதும். புதுசு புதுசாகப் போட்டுப் பார்க்கிறது பொழுதுபோக்குக்கு நல்லது. அடுத்த கிழமை அசைன்மென்ட் குடுக்கவேண்டியவருக்கு நல்லதில்லை.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்க்கவேண்டும். "லினக்ஸ் போட்டாச்சு, இனி ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டு பல வருடமாக ஒரே பதிப்போடு இருக்கிறவர்கள் உண்டு. உபுண்டு 20.04க்கான வழமையான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில் இருக்கிறவரும் வின்டோஸ் 10இல் இருக்கிறவரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். வித்தியாசம் என்னவெண்டால், லினக்ஸ்காரருக்கு மேலே ஏறுகிற கதவு திறந்தே கிடக்கு, காசும் இல்லை. ஆனால் படி தாண்ட ஏலாது: 20.04இல் இருந்து முதலில் 22.04, பிறகுதான் 24.04. ஒவ்வொரு படியிலும் பல நூறு மெகாபைட்டுகள், சிலவேளை ஜிபிக் கணக்கில் இறங்கும். இரண்டு படி ஏறுறதை விட, கோப்புகளைப் பக்குவமாக எடுத்து வைத்துவிட்டு 24.04ஐப் புதிதாகவே போடுறது பல வீடுகளுக்கு லேசு. அதற்கு 2029 வரை ஆதரவு இருக்கு. வின்டோஸில் இருந்து வாறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 22 இன்னும் பழக்கமாகத் தெரியும். கீழ்ப்பட்டி, மெனு எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். அதற்கும் 2029 வரை ஆதரவு. 4 ஜிபி ரேம்தான் இருக்கு எண்டால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகையையோ லுபுண்டுவையோ பாருங்கோ.

லினக்ஸ் எல்லாவற்றையும் காப்பாற்றும் எண்டும் நாங்கள் சொல்ல மாட்டம். மிகப் பழைய 32 பிட் மெஷின்களுக்கான டெஸ்க்டொப் பதிப்பை உபுண்டு 2017இலேயே விட்டுவிட்டது. 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13இலும் அவற்றுக்கு நேரடியாக நிறுவுகிற வழி இல்லை. லினக்ஸ் உலகமும் ஒரு இடத்தில் கைவிடத்தான் செய்கிறது. ஆனால் அது இருபது வருடத்துக்குக் கிட்டவான மெஷின்களின் கதை. எட்டு, பத்து வருடத்து மெஷினுக்கு இன்னும் ஐந்து வருடம் ஓடுற தகுதி தாராளமாக இருக்கு.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில் உண்மையான சிக்கல் வேறொன்று: பாமினி. ரியூசன் நோட்ஸ், சங்கக் கூட்ட அறிக்கை, கோயில் நோட்டீஸ், கச்சேரிக்குக் குடுக்கிற மனு எண்டு எங்கட ஊர்களில் இத்தனை வருடமாக அடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் கிடக்கு. பாமினியில் அடித்த "அம்மா" கொம்பியூட்டருக்குள் அம்மாவாக இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்ட ஆங்கில விசைகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கு. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி ஒன்றைப் போட்டுக் காட்டுது. பாமினி இல்லாத மெஷினில் அந்தக் கோப்பைத் திறந்தால் வாயில் நுழையாத ஆங்கிலம்தான் வரும். தேடினால் அகப்படாது.

இதைப் பார்த்துத்தான் பலர் "லினக்ஸில தமிழ் வேலை செய்யாது" எண்டு முடிவெடுக்கிறார்கள். உண்மையில் லினக்ஸில் யுனிக்கோட் தமிழ் பெட்டியில் இருந்து எடுத்தவுடனேயே வேலை செய்யுது. தமிழ்99 முறை இருக்கு. பாமினியில் பழகின விரல்களுக்கு, பழைய தட்டச்சுப் பலகையை ஒட்டின ரெங்கநாதன் முறையும் கிடைக்கும். பழைய கோப்பு வேண்டுமெண்டால் பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் போடலாம். ஆனால் எங்கட வேண்டுகோள் ஒரு படி மேலே: மாறுகிற இந்தச் சந்தர்ப்பத்தில் முக்கியமான கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாத்துங்கோ. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கு. பத்து வருடம் கழித்து ஒரு ஊரின் கதையைத் தேடுகிற ஆளுக்கு, ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பு தமிழாகக் கிடைக்குமா, அரைப்புள்ளிகளாகக் கிடைக்குமா எண்டது இப்ப நாங்கள் செய்யிற வேலையில் இருக்கு.

கோப்புகளைப் பற்றிக் கதைக்கிறபோது ஒன்றைச் சொல்லாமல் போக ஏலாது. வன்னியில் 2009க்கு முந்தின அல்பம் முழுசாக இருக்கிற வீடு குறைவு. இடம்பெயர்ந்த வழியிலேயே படங்கள் போயின. இப்ப இருக்கிறவை வெளிநாட்டுச் சொந்தங்களிடம் இருந்து ஸ்கான் பண்ணி வந்தவை, யாரோ ஒருவரின் கலியாண வீட்டுப் படத்தில் ஓரமாக நிண்ட முகத்தைப் பெருப்பிச்சு எடுத்தவை. அவை பல வீடுகளில் ஒரே ஒரு ஹாட்டிஸ்கில்தான் இருக்கு. "மாத்துறதுக்கு முதல் பக்கப் எடு" எண்டது மற்ற ஊர்களில் தொழில்நுட்ப அறிவுரை. இங்கே அது வேற பாரம் உள்ள சொல். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திறந்து பார்த்து, வீட்டில் இருக்கிற மூத்தவர்களுக்கும் காட்டி "எல்லாம் இருக்கு" எண்டு சொல்லவைத்த பிறகுதான் எந்த மெஷினிலும் கை வைக்கவேண்டும். அவசரப்படுகிற பெடியளுக்கு இதை முதலில் சொல்லுங்கோ.

"நாங்கள் ஆர்ட்ஸ்காரர், இது எங்களுக்கு எதுக்கு?" எண்டு எங்கட பச்சிலேயே கேட்கிறார்கள். இரண்டு உதாரணம் சொல்லுவம். அசைன்மென்டுக்கு நாங்கள் ஓடிப்போய்த் தேடுகிற நூலகம் இணையத்தளம் 2005இல் தொடங்கினது. அது மீடியாவிக்கி எண்ட கட்டற்ற மென்பொருளில்தான் நிற்குது, விக்கிப்பீடியாவைத் தாங்குகிற அதே மென்பொருள். மற்றது, 2004 டிசம்பர் 26. முல்லைத்தீவுக் கரையை அலை கொண்டுபோன அந்த நாட்களில், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிந்து ஒழுங்குபடுத்த இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டாக எழுதின மென்பொருள்தான் சஹானா. அதைத் திறந்த மூலமாகவே விட்டார்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பாவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. ஆக, இந்த உலகம் எங்களுக்குப் புதிசும் இல்லை, தூரமும் இல்லை.

இனி, ஏன் தனியாகச் செய்யக்கூடாது எண்டு சொல்லுறம். உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி, மின்ட் 22 கிட்டத்தட்ட 3 ஜிபி. ஃபோன் டேற்றாவில் இறக்கிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒருவர் ஒருக்கால் இறக்கினால் ஊருக்கே போதும். பிரதி எடுத்துக் குடுக்கிறது சட்டப்படியே சரி. ஒளிச்சு வைக்கத் தேவையில்லை, கிராக் தேடத் தேவையில்லை. முந்தி உபுண்டு நிறுவனமே கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாக சீடி அனுப்பினது. 2011இல் அதை நிறுத்தினார்கள். அந்த வேலையை இப்ப ஒரு 8 ஜிபி பென்ட்ரைவ் செய்யும். ஒரு எச்சரிக்கை: இறக்கின கோப்பின் சரிபார்ப்பு எண்ணை உத்தியோகபூர்வத் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் குடுக்கவேண்டும். 2016 பெப்ரவரியில் மின்ட்டின் தளத்தையே ஊடுருவி, கள்ளக் கதவு வைத்த கோப்பை இறக்கவைத்த சம்பவம் நடந்திருக்கு.

கரண்டும் ஒரு காரணம். பதிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெஷின் அரைகுறையாக நிற்கும். பற்றரி நல்லா இருக்கிற லப்டொப் தப்பும், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் தப்பாது. யூபிஎஸ் இருக்கிற ஒரு இடத்துக்கு மெஷினைக் கொண்டுபோறது நல்லது. அப்படி ஒரு இடம் எங்கட ஊர்களில் ஏற்கெனவே இருக்கு: சனசமூக நிலையம். பேப்பர் வாசிக்கவும் கரம் அடிக்கவும் திறக்கிற அந்த மண்டபத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மேசை போட்டால் காணும். முதலில் பென்ட்ரைவில் இருந்தே நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், கமரா, பிரின்டர் வேலை செய்யுதா எண்டு பார்த்துவிட்டு, சரியெண்டால் மட்டும் போடுவம். மூன்று மெஷினுக்கு அண்ணை ஒருவர் போட்டுக் காட்டினால், நாலாவதைத் தங்கச்சி ஒருத்தி போடுவா. விளங்காத இடத்துக்கு 2012இல் இருந்து தமிழில் லினக்ஸ் எழுதிவருகிற கணியம் இருக்கு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ஃபொட்டோஷொப்பில் உழைக்கிறவருக்கும், வின்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருள் வைத்திருக்கிற கடைக்கும் நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டம். வேர்ட் கோப்பு லிப்ரே ஒஃபிஸில் சிலவேளை அட்டவணை குலைந்து வரும். குடுக்கிறதைப் பிடிஎஃப் ஆகக் குடுத்தால் தீரும். இடைமுகத் தமிழாக்கமும் முழுமையில்லை, பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக நிற்கும். அதை நிரப்புகிறதும் எங்களைப்போல தமிழ் படிக்கிற பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைதான்.

மற்றவர்களுக்கு, குறிப்பாக எழுதவும் வாசிக்கவும் சூமில் வகுப்புக் கேட்கவும் மட்டும் கொம்பியூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு, ஒரு கோரிக்கை. புது லப்டொப்புக்குக் கடன் கேட்டு அப்பாவிடம் போறதுக்கு முதல், பழசை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோட கொண்டுவாங்கோ. பக்கப் எடுக்க ஒரு ஹாட்டிஸ்கும் கொண்டுவாங்கோ. பென்ட்ரைவ் எங்களிட்ட இருக்கு.