பழைய கிட்டாருக்கு விலை சொல்வது யார்?

 

பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் மூலையில் கிடக்கும் தாத்தாவின் கிட்டாரைக் கண்டால், "இது உக்கிப் போச்சு, 2,000 ரூபா தாறன்" என்பார்கள். இடம் மிச்சம் என்று கொடுத்துவிடுகிறோம்.

கரையில் மீனை முதலில் கேட்டவருக்கா கொடுக்கிறோம்? ஏலம் விடுகிறோமே! கிட்டாருக்கு மட்டும் ஏன் வாங்குகிறவரே விலை சொல்ல வேண்டும்?

அதற்காகப் பழசெல்லாம் பொன்னும் அல்ல. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசை கேட்டு வளர்ந்த தலைமுறை ஆசைப்பட்டு வாங்கிய மலிவுக் கிட்டார்கள் பல ஒட்டுப்பலகையில் செய்தவை. ஒலித்துளையின் ஓரத்தைப் பாருங்கள். மேல்பலகையின் ரேகை வெட்டு முகத்திலும் தொடர்ந்தால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

உள்ளே டோர்ச் அடித்துக் கம்பனிப் பெயரையும் இலக்கத்தையும் தேடுங்கள். அமெரிக்க மார்ட்டின் கம்பனி 1898 முதல் தொடர் இலக்கம் இடுகிறது. அதை வைத்தே செய்த ஆண்டை அறியலாம்.

கழுத்து வளைந்திருக்கிறதா, தந்தி கட்டும் பாலம் கிளம்பியிருக்கிறதா, பலகை வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்தும் செலவைக் கழித்துத்தான் பெறுமதி. நம் உப்புக் காற்றில் தந்தி முறுக்கும் ஆணிகள் துருப்பிடித்திருக்கும். அதற்காக ஆணிகளை மாற்றி, வார்னிஷ் அடித்து மினுக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் பழைய பூச்சையும் பழைய பாகங்களையும்தான் விரும்புவார்கள்.

வாசித்தவர் யார் என்பதும் விலைதான். 1959இல் செய்த ஒரு மார்ட்டின் கிட்டார் 2020இல் 60 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. 1993இல் கேர்ட் கோபேன் தொலைக்காட்சிக் கச்சேரியில் வாசித்தது அது. ஒளிப்பதிவே சாட்சி. நம் தாத்தா கோபேன் அல்லர். ஆனாலும் அவர் வாசிக்கும் படமோ, வாங்கிய பற்றுச்சீட்டோ இருந்தால் கிட்டாரோடு வையுங்கள்.

இணையத்தில் பார்ப்பதானால், கேட்கும் விலையை விட்டு விற்றுப்போன விலையைப் பாருங்கள். கிட்டார் திருத்துகிறவர், விற்கிறவர், வாசிக்கிறவர் என மூவரிடம் படம் அனுப்பிக் கேளுங்கள். "வாங்குகிறீர்களா?" என்று கேட்காமல், "என்ன பெறும்?" என்று மட்டும் கேளுங்கள்.

விற்பதென்றால் வெடிப்பை மறைக்காமல் சொல்லி விற்போம். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. பெறுமதி தெரிந்தும் மறைத்து, தெரியாத வீட்டாரிடம் அள்ளிக்கொண்டு போவது மட்டும் எப்படி நியாயமாகும்?

விற்பதா வைப்பதா என்பது வீட்டாரின் விருப்பம். ஆனால் பெறுமதியை அறிந்த பிறகு முடிவெடுங்கள்.