பேட்டரியைக் குடித்தது யார்?

ஆனைமலையில் எங்கள் தென்னந்தோப்பில் ஒருநாள் கடைசி வரிசைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. மோட்டார் ஓடுகிறது, ஆனால் மண்ணுக்கடியில் எங்கேயோ குழாய் உடைசல். நான் கிணற்றடியிலிருந்து வரிசையாகத் தோண்டக் கிளம்பினேன். அப்பாரு சிரித்தார். "நட்டநடு வால்வைத் தொறந்து பாரு கண்ணு. அங்க தண்ணி வந்தா உடைசல் அந்தப் பக்கம், வரலீன்னா இந்தப் பக்கம்." நாலே வால்வில் இடம் தெரிந்துவிட்டது!

இதே வித்தையை வைத்துத்தான் 2011-ல் லினக்ஸ் கெர்னலில் ஒரு பெரிய மின்கசிவைப் பிடித்தார்கள்.

அந்த வருடம் மார்ச்சில் 2.6.38 கெர்னல் வந்தது. ஏப்ரலில் வெளியான உபுண்டு 11.04-லும் அதுதான். பல லேப்டாப்புகளில் பேட்டரி முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. பிழைச்செய்தி எதுவும் கிடையாது, எல்லாம் சரியாகவே ஓடியது. ஃபொரோனிக்ஸ் தளத்தின் மைக்கேல் லாராபெல் புலம்பிக்கொண்டு நிற்காமல் மின்சாரத்தை அளந்தார். 2.6.37-க்கும் 2.6.38-க்கும் நடுவே ஒன்பதாயிரத்துக்கு மேல் மாற்றங்கள். நடுவில் ஒன்றை எடுத்து, கெர்னலைக் கட்டி, அளந்து, பாதியைத் தள்ளிவிடு. மறுபடியும் பாதி. கிட் மென்பொருளில் இதற்குப் பெயர் 'பைசெக்ட்'. கணக்குப்படி பதினாலு அளவையில் ஒன்பதாயிரமும் ஒன்றாகிவிடும். ஜூனில் ஆள் அகப்பட்டது.

குற்றவாளி யார் என்றால், நல்ல எண்ணத்தில் செய்த ஒரு திருத்தம்! பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்புகள் சும்மா இருக்கும்போது அவற்றைத் தூங்க வைக்கும் வசதிக்கு ஏ.எஸ்.பி.எம். என்று பெயர். சில கணினிகளின் பயாஸ், 'இதில் நீ கை வைக்காதே' என்று இயங்குதளத்துக்குச் சொல்லும். கெர்னல் அதை 'அணைத்துவிடு' என்று எடுத்துக்கொண்டது. பயாஸே போட்டு வைத்திருந்த தூக்கமும் கலைந்தது. அதன் உண்மையான பொருள் 'இருப்பதை இருக்கிறபடி விடு' என்று புரிந்துகொண்டு மேத்யூ காரெட் எழுதிய திருத்தம், 2012 பிப்ரவரியில் 3.2.5 கெர்னலோடு வந்தது.

அதாவது, இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று மாதம், சரியான அர்த்தம் புரிந்து திருத்தம் வர இன்னும் எட்டு மாதம்.

இதில் என் கட்சி என்ன என்றால், லாராபெல் செய்த வேலை நிரல் எழுதுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. "லினக்ஸ்னாலே பேட்டரி நிக்காது" என்பது வெறும் புலம்பல். "இந்தப் பதிப்பு வரை இவ்வளவு வாட், அடுத்ததில் இவ்வளவு வாட்" என்பதுதான் புகார். புலம்பலை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது.

இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்? எப்போதும் சுவரில் செருகியே வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாட் கூடினால் தெரியாது. 2012-ல் தமிழ்நாட்டில் மணிக்கணக்காகக் கரண்ட் போனபோது, பேட்டரியில் மிச்சமிருந்த நேரம்தானே பல பேருக்குப் படிக்கும் நேரம்? அதன் அருமை தெரிந்தவர்கள் நாம். ஆனால் அளப்பதையும் எழுதி அனுப்புவதையும் மட்டும் வேறு யாரோ செய்யட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அடுத்த முறை புதுக் கெர்னல் போட்டதும் லேப்டாப் மடியைச் சுட்டால், திட்டுவதற்கு முன்னால் பழையதில் ஒரு தடவை துவக்கி அளந்து பாருங்கள். நடு வால்வைத் திறக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அப்பாரு ஐந்தாவதுகூடத் தாண்டவில்லை :)