படைப்புகள் வரவேற்கப்படுகின்றனவாம்

ஆண்டுதோறும் இரண்டாம் பருவம் தொடங்கிய சில நாட்களில் நம் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒரு சுற்றறிக்கை தோன்றும். ஆண்டு மலருக்குக் கதை, கவிதை, கட்டுரை, துணுக்குகள் வரவேற்கப்படுகின்றன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒன்று இணைக்க. துறைத்தலைவரின் கையொப்பம் பெற்று இன்ன தேதிக்குள் தமிழ்த்துறையில் ஒப்படைக்க. இவ்வளவே. ஒப்படைத்த பின் அந்தத் தாள் என்ன ஆகும் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. இதை எழுதி ஒட்டுகிறவர்கள் தமிழாசிரியர்களாகிய நாம்தாம். ஆகவே இங்கே குற்றம் சாட்டப்படுவோரும் நாமே. முதல்வர், தாளாளர், அச்சகத்தார் என்று பழியைப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கமான உத்தியை இம்முறை தவிர்த்துவிடுவோம்.

படைப்பு வந்து சேர்ந்தது என்று மாணவரிடம் சொல்வாரில்லை. தேர்வானதா இல்லையா என்பதை, மலர் அச்சாகிக் கைக்கு வந்தபின் அவரே தம் பெயரைத் தேடி அறிய வேண்டும். மூன்றாமாண்டு மாணவராயின் அதற்குள் கல்லூரியை விட்டே போயிருப்பார். இத்தனைக்கும் பல கல்லூரிகளில் சேர்க்கையின்போதே மலருக்கென்று கட்டணம் பெற்றுவிடுகிறோம். நாமோ ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பினால் ஏற்புக் கடிதம் எங்கே, ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டா என்று மூன்றாம் நாளே தொலைபேசியில் நச்சரிப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேதியியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு கதை கொடுத்தாள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளை அப்பா விற்றுவிடுகிறார். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும் மகள், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அதை ஓட்டிப் போவதைப் பார்க்கிறாள். தான் கட்டிய சிவப்பு ரிப்பன் இன்னும் கைப்பிடியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போடுகிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

அதை நாம் நிற்க விடவில்லை. மலர்க்குழுவில் ஒருவர், “தகப்பன் திருந்த வேண்டாமா?” என்றார். இன்னொருவர், “பெற்றோர் படிக்கும் மலர்” என்றார். சிவப்புப் பேனா நம் கையில் இருந்தது. ‘எங்கப்பா சைக்கிள வித்துட்டாரு’ என்பது ‘என் தந்தை மிதிவண்டியை விற்றுவிட்டார்’ ஆயிற்று. கடைசியில் நான்கு வரி சேர்த்தோம். தந்தை கண்ணீர் மல்கினார். குடியை விடுவதாக மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கதையில் அவர் குடிப்பவர் என்று அவள் ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் எதற்காக விற்றார் என்பதை அவள் சொல்லாமல் விட்டதில்தான் அந்தக் கதையே இருந்தது என்பது நமக்குப் பின்னர்தான் உறைத்தது. முதுகலையில் குறுந்தொகையின் உள்ளுறையும் இறைச்சியும் படித்துத் தேறியவர்கள் நாம்!

மலர் வந்த அன்று அவள் துறைக்கு வந்தாள். “ஐயா, இது நான் எழுதுனது இல்லைங்கய்யா. எங்கப்பா படிச்சா என்னைய என்ன நெனைப்பாரு? பேரையாவது எடுத்துற முடியுமாங்கய்யா?” என்று கேட்டாள். அச்சான புத்தகத்திலிருந்து பெயரை எப்படி எடுப்பது? எல்லாம் நன்மைக்கே என்பதுபோல் ஏதோ சொல்லி அனுப்பினோம். மறு ஆண்டு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. கேட்டபோது, “நேரமில்லைங்கய்யா” என்றாள்.

நண்பர்கள் ஒரு மறுப்பு வைத்திருப்பார்கள். வருவதில் பெரும்பாலானவை வார இதழிலிருந்தோ இணையத்திலிருந்தோ பெயர்த்தவை, இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருபவையும் சேர்ந்துவிட்டன, இந்தக் குப்பைக்கு யார் பதில் எழுதுவது என்பது அது. குப்பை வருவது மெய்தான். ஆனால் தாய்மை, நட்பு, தன்னம்பிக்கை, நாட்டுப்பற்று என்று தலைப்புகளையும் நாமே கொடுத்துவிட்டு, அத்தலைப்புகளில் ஏற்கெனவே எழுதிக் குவிக்கப்பட்டவற்றை மாணவர் எடுத்துத் தந்தால் அதிர்ச்சி அடைவது என்ன நியாயம்? யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் யாரும் உழைப்பதில்லை. விடைத்தாள் திருத்தும்போது நமக்கும் இது தெரியும்.

சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கினார். மறு ஆண்டு திருகோணமலையிலிருந்து அதில் எழுதத் தொடங்கிய தருமு சிவராமுவுக்கு, பின்னாளில் நாம் பிரமிள் என்று பாடம் நடத்தும் அதே கவிஞருக்கு, இருபதை ஒட்டிய வயது. நம் மூன்றாமாண்டு வகுப்பில் உட்காரும் வயது. துறைத்தலைவர் கையொப்பம் இன்றிக் கடல் கடந்து வந்த கவிதைகளை ஓர் ஆசிரியர் உட்கார்ந்து படித்தார் என்பதன்றி அங்கே வேறென்ன நடந்தது? தம் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய அந்த மனிதரை நம் முன்னோர் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

அயல்நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இலக்கிய இதழான ‘சிகாகோ ரிவியூ’வில் 1958இல் வில்லியம் பரோஸின் ‘நேக்கட் லஞ்ச்’ நாவற்பகுதி வெளியானது. நாளிதழ்ப் பத்தி ஒன்று ஆபாசம் என்று கூவியது; நிர்வாகம் அடுத்த இதழை நிறுத்தியது. ஆசிரியர் இர்விங் ரோசென்தாலும் சகாக்களில் பெரும்பாலோரும் வெளியேறி, தடுக்கப்பட்டவற்றை 1959இல் ‘பிக் டேபிள்’ என்னும் புதிய இதழாக வெளியிட்டனர். அஞ்சல் துறை அதைத் தடுத்தது. வழக்கு நடந்து 1960இல் இதழ் வென்றது. பரோஸைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. அது வேறு பேச்சு. நாம் பார்க்க வேண்டியது, அங்கே பதவி விலகுவதற்கு ஒரு மாணவ ஆசிரியர் இருந்தார் என்பதை. நம் மலர்களில் ‘மாணவ ஆசிரியர்’ என்று இரண்டு பெயர் அச்சாகும். குழுப் புகைப்படத்தில் முன்வரிசையில் அமர்வதற்கு அப்பால் அவர்களுக்கு வேலை இராது. ஆகவே தடை செய்ய வேண்டிய தேவையே நமக்கு நேர்வதில்லை. தடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், திருத்தினால் தெரியாது.

தமிழாசிரியர்களால் இது ஆகாது என்பதும் பொய். 1971இல் கோவையில் பிறந்த ‘வானம்பாடி’யில் தமிழாசிரியர்கள் பலர் இருந்தனர். அவர்கள் இதழ் நடத்தியது கல்லூரி மலருக்கு வெளியே என்பதுதான் கவனிக்கத்தக்கது.

செய்ய வேண்டியவற்றில் பணச் செலவு ஏதுமில்லை. கதை கொடுத்தவருக்குப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு சீட்டு. வேண்டாமென்றால் ஏன் வேண்டாம் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காகவாவது நாம் முழுவதும் படித்தாக வேண்டும். எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் ஒற்று ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. வட்டார வழக்கு பிழையன்று என்பதைக் கி. ராஜநாராயணனைப் பாடம் நடத்தும் துறைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது பரிதாபம். நாக் குழு வரும் ஆண்டில் மட்டும் மலர் பருத்துப்போகும் அதிசயம் பற்றிப் பிறிதொருமுறை பேசலாம்.

இவ்வாண்டுச் சுற்றறிக்கையை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. தலைப்புகளை எடுத்துவிட்டோம். துறைத்தலைவர் கையொப்பம் என்ற வரியையும் நீக்கினோம். ‘ஒவ்வொரு படைப்புக்கும் எழுத்து வடிவில் பதில் தரப்படும், ஒப்புதலின்றித் திருத்தம் செய்யப்படாது’ என்று சேர்த்து அலுவலகத்துக்கு அனுப்பினோம். நேற்று அது தட்டச்சாகி வந்தது. தலைப்புகள் நான்கும் பழைய இடத்தில் இருந்தன, கையொப்ப வரி இருந்தது, நாம் சேர்த்த வாக்கியத்தைக் காணவில்லை. கீழே நம் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருந்தது. நாம் இன்னும் கையொப்பமிடவில்லை.